யு.எஸ்.எஸ். பர்மிங்காம்: வேவுக் குரூசரை ஓய்வுக்கு அனுப்பியது விமானம்தானா?

அலைவாய்க்கரை எழுதியது:

வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வேவுக் குரூசர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவற்றுள் அமெரிக்கக் கடற்படையின் பர்மிங்காம் கப்பலைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே ஒரு நாளின் கதைதான் கிடைக்கிறது. 1910 நவம்பர் 14 அன்று, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில், அதன் அணியத்தின் (முன்பகுதியின்) மேல் அமைத்த மரமேடையிலிருந்து யூஜின் ஈலி தமது கர்ட்டிஸ் விமானத்தைக் கிளப்பிச் சென்றார். கப்பல் ஒன்றிலிருந்து விமானம் பறந்தெழுந்தது உலகத்தில் அதுவே முதல் முறை. அதைச் சொன்ன கையோடு ஒரு கருத்தையும் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். எதிரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல், அந்த வேலையைப் பறித்துக்கொள்ளப்போகும் விமானத்தைத் தன் முதுகிலிருந்தே பறக்கவிட்டது என்பது அந்தக் கருத்து.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. இந்தக் கப்பல் 1908 ஏப்ரல் 11 அன்று சேவையில் சேர்ந்தது. 1923 டிசம்பர் 1 அன்றுதான் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. ஈலி பறந்த பிறகு மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறது. வேலை பறிபோன கப்பலை யாராவது பதின்மூன்று ஆண்டுகள் வைத்துக்கொண்டிருப்பார்களா? மீதிக் காலமெல்லாம் அது என்னதான் செய்துகொண்டிருந்தது, கடைசியில் எதனால் பயனற்றுப் போனது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

நங்கூரம் எழுதியது:

உங்கள் ஐயம் சரியானது. விமானம் வந்ததால் பர்மிங்காம் போனது என்பது பின்னாளில் தைத்த சட்டை. அந்தக் கப்பலின் உடம்புக்கு அது பொருந்தாது. முதலில் இந்தக் கப்பலை எதற்காகக் கட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்துக் கடற்படைத் தளபதிக்குக் கண் என்பது பாய்மரத் தண்டின் உச்சியில் நிற்கும் மாலுமியின் கண்தான். தெளிவான நாளில்கூட அவரால் தொடுவானத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது. ஆகையால் பெரும் போர்க்கப்பல்களின் அணிக்கு வெகுதூரம் முன்னால் சில கப்பல்களை விரித்து அனுப்பி, எதிரி எங்கே, எத்தனை கப்பல்களோடு, எந்தத் திசையில் வருகிறான் என்பதை அறிந்து வரச் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு வேண்டிய கப்பலில் பீரங்கிக்கு முதலிடம் இல்லை. வேகம், அந்த வேகத்தைக் கொந்தளிக்கும் கடலிலும் விடாமல் பிடிக்கும் உடல், நாட்கணக்கில் ஓடுவதற்கான நிலக்கரி, பார்த்ததைச் சொல்லிவிடும் வசதி ஆகியவைதாம் முக்கியம்.

பிரிட்டன் 1904, 1905 ஆண்டுகளில் இத்தகைய வேவுக் குரூசர்கள் எட்டைக் கட்டியது. சுமார் 25 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). ஆனால் எடை மூவாயிரம் டன்னுக்கும் குறைவு, நிலக்கரியோ போதாது. அந்தப் போதாமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பாத்ஃபைண்டர் ஒன்றே போதும். 1914 செப்டம்பர் 5 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் முனைக்கு அப்பால், நிலக்கரியை மிச்சம்பிடிப்பதற்காக மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த நிலையில் அது ஜெர்மனியின் யு-21 நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோவுக்கு இரையானது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததால் கப்பலில் இருந்தவர்களில் மிகச் சிலரே பிழைத்தனர். வேகத்துக்காகவே பிறந்த கப்பல், வேகமாக ஓடக் கரியில்லாமல் மூழ்கியது.

அமெரிக்கர்கள் தங்கள் மூன்று கப்பல்களை அட்லாண்டிக்கை மனத்தில் வைத்து வேறு மாதிரி வரைந்தார்கள். செஸ்டர், பர்மிங்காம், சேலம் என்ற அந்த மூன்றுக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் 1904 இல் கிடைத்தது. பர்மிங்காமும் சேலமும் மாசசூசெட்ஸின் குயின்சியில் உள்ள ஃபோர் ரிவர் தளத்தில் கட்டப்பட்டன. பர்மிங்காமின் அடிக்கட்டை 1905 ஆகஸ்டில் வைக்கப்பட்டு, 1907 மே 29 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. எடை 3,750 டன், நீளம் 423 அடி, நான்கு புகைபோக்கிகள். அணியம் உயர்ந்து நிற்கும். அலை மேல்தளத்தில் ஏறாமல் இருப்பதற்காக அப்படி அமைத்தார்கள். அடைத்தால் 1,250 டன் நிலக்கரி பிடிக்கும். கப்பலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரி என்றால் அந்த வடிவமைப்பாளர்கள் எதை எண்ணி அஞ்சினார்கள் என்பது புரியும்.

கரிக்கும் எந்திரத்துக்கும் போக மீந்த எடைதான் பீரங்கிக்கு. 5 அங்குலப் பீரங்கி இரண்டு, 3 அங்குலம் ஆறு, 21 அங்குல டார்பிடோ குழாய் இரண்டு, அவ்வளவே. நம் பேச்சுவழக்கிலேயே இடம்பிடித்துவிட்ட எம்டன் ஏறத்தாழ இதே எடையில், 1908 இல் நீரில் இறங்கிய கப்பல்தான், அதில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து இருந்தன. இரண்டும் எதிரெதிரே சந்தித்திருந்தால் பர்மிங்காமின் தலைவருக்கு ஓடுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஓடுவதுதான் அதன் வேலையும். கண்டதைச் சொல்வதற்காக அனுப்பப்பட்ட தூதன் சண்டைக்கு நின்றால் செய்தி யாருக்குப் போகும்?

சொல்லும் வசதி என்றேன். அது கம்பியில்லாத் தந்தி. 1909, 1910 ஆண்டுகளில் பர்மிங்காமும் சேலமும் மாசசூசெட்ஸின் பிராண்ட் ராக் நிலையத்தோடு நெடுந்தொலைவுத் தந்திச் சோதனைகளில் ஈடுபட்டன. ஈலியின் ஐந்து நிமிடத்தைவிட இந்தச் சோதனைகளே வேவுக் கப்பலின் தொழிலுக்கு நெருக்கமானவை என்பது என் கருத்து. ஆனால் தந்திக் கருவியின் படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

பழைய கொதிகலன் எழுதியது:

நங்கூரம் அவர்கள் எடையையும் பீரங்கியையும் சொல்லிவிட்டார். எந்திர அறையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் பிழைப்பே அங்கேதான் கழிந்தது. எழுபதுகளின் கடைசியில் நீராவி டர்பைனில் ஓடிய ஓர் எண்ணெய்க் கப்பலில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, பிறகு டீசலுக்கு மாறி, ஓய்வு பெற்றவன் நான்.

இந்த மூன்று உடன்பிறப்புக் கப்பல்களின் உண்மையான சிறப்பு அவற்றின் உடல் ஒன்றாக இருந்து எந்திரம் வேறுவேறாக இருந்ததுதான். செஸ்டருக்குப் பார்சன்ஸ் டர்பைன்கள், நான்கு சுழல்தண்டுகள். சேலத்துக்குக் கர்ட்டிஸ் டர்பைன்கள், இரண்டு சுழல்தண்டுகள். பர்மிங்காமுக்குப் பழைய முறையிலான, பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் மும்முறை விரிவு நீராவி எந்திரம். ஒரே அளவுள்ள மூன்று கப்பல்களைக் கட்டி, மூன்று எந்திரங்களைப் பொருத்தி, எது மேல் என்று கடலிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இத்தகைய நேர்மையான சோதனை கடற்படைகளில் அரிது.

வேகத்தில் செஸ்டர் வென்றது. சோதனை ஓட்டத்தில் 26.5 நாட் எட்டியது. பர்மிங்காம் 24 நாட்டைச் சற்றே தாண்டியது. இதைக் கொண்டு பர்மிங்காம் தோற்றது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மெதுவாக ஓடும்போது கரி எவ்வளவு எரிகிறது என்று பார்த்தால் கதை தலைகீழாகும். அக்காலத்து டர்பைனில் பல்சக்கரம் கொண்டு சுழற்சி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இல்லை. டர்பைனும் உந்துசக்கரமும் ஒரே தண்டில் நேரடியாக இணைந்திருந்தன. டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் நீராவியை ஒழுங்காகப் பயன்படுத்தும்; உந்துசக்கரமோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டையும் ஒரே தண்டில் கட்டினால் இரண்டுக்கும் பிடிக்காத ஒரு வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் இந்தக் குறை மறைந்துவிடும். 10, 12 நாட்டில் ஓட்டும்போது கரிக்கிடங்கு கண்ணெதிரே வற்றும். அந்த வேகத்தில் பர்மிங்காமின் பிஸ்டன் எந்திரமே சிக்கனமானது. போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி ஓடுவது அந்த வேகத்தில்தான் என்பதை யாரும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் கடற்படை இதை நன்றாக உணர்ந்திருந்தது. 1914 இல் சேவைக்கு வந்த நியூயார்க், டெக்சாஸ் என்ற பெரும் போர்க்கப்பல்களுக்கு டர்பைனை விட்டுவிட்டுப் பிஸ்டன் எந்திரத்துக்கே திரும்பியது. பசிபிக் கடலைக் கடக்க வேண்டிய கடற்படைக்குக் கரிச் சிக்கனம் உயிர்நிலை. சேலத்தின் கதியைப் பாருங்கள்: அதன் டர்பைன்களைக் கழற்றி எடுத்து, 1917 இல் பல்சக்கரம் பூட்டிய புதிய டர்பைன்களைப் பொருத்தினார்கள்.

ஆனாலும் பிஸ்டன் எந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுவது எளிதன்று. என்னைப் பயிற்றுவித்த மூத்த பொறியாளர் தம் இளமையில் அத்தகைய எந்திரங்களில் வேலை செய்தவர். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் தாங்கி சூடேறிவிட்டதா என்று அறிய வெறுங்கையைத்தான் பயன்படுத்துவார்களாம். கிராங்க் மேலே வந்து கீழே போகும் அந்தச் சிறு இடைவெளியில், அதன் தாளத்துக்கு ஏற்பக் கையைக் கொண்டுபோய், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி எடுத்துவிட வேண்டும். தாளம் தப்பினால் விரல் போகும். அவர் அதைச் செய்துகாட்டும்போது எந்திரமே இல்லாத மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் கை மட்டும் அந்தப் பழைய தாளத்தில்தான் போய் வந்தது. வேகம் கூடக்கூடத் தாங்கிகளில் எண்ணெயோடு தண்ணீரையும் பீய்ச்சுவார்கள். எந்திர அறை முழுவதும் எண்ணெயும் தண்ணீரும் கலந்த தூறலாக இருக்கும். 24 நாட்டில் நாள் முழுவதும் பர்மிங்காமை ஓட்டிய ஆட்கள் அந்தத் தூறலில்தான் நின்றிருப்பார்கள்.

தொடுவானம் எழுதியது:

ஈலியின் நாளை ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சில வரிகள். கேள்வி கேட்டவருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அதன் சிறுமையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பெருமை சரியாக விளங்கும்.

கடற்படையில் விமானம் தொடர்பான கடிதங்களைக் கவனிக்கும் பொறுப்பு கேப்டன் வாஷிங்டன் இர்விங் சேம்பர்ஸ் என்பவரிடம் இருந்தது. அவரிடம் பணம் கிடையாது, விமானமும் கிடையாது. கர்ட்டிஸ் நிறுவனத்தின் விமானியான ஈலி தாமாகவே முன்வந்தார். மேடை நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் அமைக்கப்பட்டது. நீளம் 83 அடி, முன்பக்கம் சற்றே தாழ்ந்த சரிவு, அதன் விளிம்பு தண்ணீரிலிருந்து 37 அடி உயரம். விமானத்தைப் பின்பக்கம் நிறுத்தியபின் ஓடுவதற்கு எஞ்சியது 57 அடி மட்டுமே.

அன்றைக்கு வானிலை மோசம். மழை, இடையிடையே ஆலங்கட்டி. கப்பல் ஓடத் தொடங்கி எதிர்க்காற்று கிடைத்ததும் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. நங்கூரச் சங்கிலியை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றொரு மழைத்திரை நெருங்குவதைக் கண்ட ஈலி பிற்பகல் மூன்றேகால் மணியளவில் காத்திராமல் கிளம்பிவிட்டார். மேடையின் விளிம்பைத் தாண்டியதும் விமானம் நேரே கீழே இறங்கியது. சக்கரங்கள் நீரைத் தொட்டன. உந்துவிசிறியின் நுனி நீரில் அடிபட்டுச் சிதறியது. உப்புநீர் தெறித்து அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியில் படிந்து பார்வை மறைந்தது. அதிரும் விமானத்தை எப்படியோ மேலே தூக்கி, கண்ணில் பட்ட முதல் மணல்திட்டில் இறக்கினார். அந்த இடம் வில்லோபி ஸ்பிட். கப்பலிலிருந்து இரண்டரை மைல். போய்ச் சேர வேண்டிய இடமோ நார்ஃபோக் தளம். அவரைப் பொறுத்தவரை அது பாதித் தோல்வி. இரண்டு மாதம் கழித்து, 1911 ஜனவரி 18 அன்று, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பென்சில்வேனியா என்ற கவசக் குரூசரின் மேடையில் அவர் இறங்கிக் காட்டினார். மணல்மூட்டை கட்டிய கயிறுகள் விமானத்தைப் பிடித்து நிறுத்தின. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று ஜார்ஜியாவின் மேக்கனில் நடந்த ஒரு விமானக் காட்சியில் விழுந்து இறந்தார். வயது இருபத்தைந்து ஆகவும் இரண்டு நாள் மீதம் இருந்தது.

பர்மிங்காமைப் பொறுத்தவரை, மேடையைப் பிரித்து எடுத்ததோடு அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது. நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒரு முறை தப்பிப் பறந்த ஒன்றை நம்பி எந்தக் கடற்படையும் தன் வேவுக் கப்பல்களைக் கைவிடாது. ஆனால் விமானத்துக்கும் இதற்கும் உறவு முற்றிலும் அற்றுவிடவில்லை. 1914 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ நெருக்கடியின்போது, லெப்டினன்ட் ஜான் டவர்ஸ் தலைமையில் மூன்று விமானங்களையும் அவற்றின் ஆட்களையும் பென்சகோலாவில் ஏற்றிக்கொண்டு டாம்பிக்கோவுக்குச் சென்ற கப்பல் பர்மிங்காம்தான். மேடை கிடையாது, விமானங்கள் வெறும் சரக்காகத்தான் போயின.

அலைவாய்க்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எந்திரச் சோதனை எனக்குப் புதிய செய்தி. இருந்தாலும் கேள்வியின் பிற்பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. 1911 க்குப் பிறகு அன்றாடம் அதற்கு என்ன வேலை? முதல் உலகப் போரின்போது எதிரியைத் தேடிப் போனதா? பனிப்பாறைக் காவலுக்குப் போனதாக ஒரு வரி மட்டும் ஓரிடத்தில் பார்த்தேன்.

நங்கூரம் எழுதியது:

பனிப்பாறைக் காவல் உண்மைதான். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது இந்த மூன்று கப்பல்களுக்கும் வேலை வந்தது. உயிர் தப்பியவர்களை ஏற்றி வந்த கார்பேத்தியாவைத் தொடர்புகொள்ளச் செஸ்டரும் சேலமும் அனுப்பப்பட்டன. அதிபர் டாஃப்ட் தம் உதவியாளர் மேஜர் ஆர்ச்சிபால்ட் பட் பிழைத்தாரா என்று அறியத் துடித்துக்கொண்டிருந்தார். அவர் பிழைக்கவில்லை. அதன்பின் அந்தப் பருவம் முடியும்வரை நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கப்பல்கள் செல்லும் தடங்களில் பனிப்பாறைகளைக் கண்காணித்து எச்சரிக்கும் பணி செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தரப்பட்டது. பர்மிங்காம் மே 19 முதல் ஜூலை 11 வரை அங்கே இருந்தது. தேடு, கண்டுபிடி, தந்தியில் சொல் என்ற வேவுக் கப்பலின் தொழிலை அது முழுமையாகச் செய்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரிதான் பனியாக இருந்தது. மறு ஆண்டு கடற்படை இந்த வேலைக்குக் குரூசர்களை ஒதுக்க முடியாது என்றது. வருவாய்த்துறையின் ரோந்துக் கப்பல்களான செனெகாவும் மயாமியும் அதை ஏற்றன. செனெகாவின் பெயரை நினைவில் வையுங்கள்.

1913 இன் கடைசி மூன்று மாதங்கள் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்கான குழுவினரை ஏற்றிக்கொண்டு தென்னமெரிக்காவைச் சுற்றி வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பர்மிங்காமின் மெய்யான வாழ்க்கை. 1914 பிப்ரவரி 2 அன்று அது அட்லாண்டிக் டார்பிடோ அணியின் தலைமைக் கப்பல் ஆனது. அந்த அணி, டார்பிடோ ஏந்திய சிறிய, வேகமான நாசகாரிக் கப்பல்களால் ஆனது. தலைவர் கேப்டன் வில்லியம் சிம்ஸ். பர்மிங்காமின் கேப்டன் வில்லியம் பிராட், பிற்காலத்தில் கடற்படை நடவடிக்கைகளின் தலைவராக உயர்ந்தவர். அதுவரை நாசகாரிக் கப்பல்கள் தனித்தனியே ஓடிப் பழகிய முரட்டுக் குதிரைகள். இரவில், விளக்கில்லாமல், முழு வேகத்தில், பலவும் சேர்ந்து எப்படித் தாக்குவது என்பதற்கு எழுதப்பட்ட முறை எதுவும் இல்லை. சிம்ஸ் கட்டளையைத் தாமே எழுதி அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, இளம் கேப்டன்களை எல்லாம் ஓர் அறையில் கூட்டி, மேசையின் மேல் பொம்மைக் கப்பல்களை நகர்த்தி வாதிடச் செய்தார். யார் வேண்டுமானாலும் யாரையும் மறுக்கலாம். கடைசியில் ஒத்துவந்த முறையை மறுநாள் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எர்னஸ்ட் கிங், வில்லியம் ஹால்சி போன்றவர்கள் அந்த அணியில் நாசகாரிக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய இளைஞர்கள். இரண்டாம் உலகப் போரில் இவர்கள் அமெரிக்கக் கடற்படையின் பெருந்தளபதிகள் ஆனதை இந்தக் குழுவில் சொல்லத் தேவையில்லை.

ஏன் அதற்கு ஒரு வேவுக் குரூசர்? நாசகாரிக் கப்பலில் தலைவருக்கும் அவருடைய அலுவலர்களுக்கும் படுக்கக்கூட இடம் கிடையாது. வரைபடத்தை விரிக்க மேசை கிடையாது. அதன் தந்திக் கருவி சிறியது. பெரும் போர்க்கப்பலோ அந்த அணியோடு ஓட முடியாத சோம்பேறி. இடம், தந்தி, ஓரளவு வேகம் மூன்றும் ஒருசேர இருந்தது பர்மிங்காமில்தான். பிரிட்டனின் வேவுக் குரூசர்களும் போகப்போக இதே வேலையில்தான் போய் நின்றன. வேவு பார்ப்பதற்காகக் கட்டிய கப்பல், குட்டிக் கப்பல்களுக்குத் தாய்க்கோழி ஆனது.

போர்க்காலத்தைப் பழைய கொதிகலன் அவர்கள் தொட்டால் நன்றாக இருக்கும். சிக்கனமான அந்த எந்திரம் அங்கேதான் தன் விலையைக் காட்டியது.

பழைய கொதிகலன் எழுதியது:

அழைப்புக்கு நன்றி. 1917 ஜூன் 14 அன்று முதல் அமெரிக்கப் படைப்பிரிவுகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பிய கப்பல் தொடரணி நான்கு குழுக்களாகச் சென்றது. இரண்டாம் குழுவுக்குக் காவல் பர்மிங்காம். அதே ஆகஸ்டில் அது ஜிப்ரால்டரை அடைந்து, அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதிக்குத் தலைமைக் கப்பலாயிற்று. அந்தத் தளபதி முதலில் வில்சன், நவம்பர் முதல் நிப்லாக். போர் முடியும்வரை ஜிப்ரால்டருக்கும் பிரிட்டன், பிரான்சு துறைமுகங்களுக்கும் இடையே சரக்குக் கப்பல்களைக் காத்துச் செல்வதே அதன் வேலை.

ஜிப்ரால்டரில் கூடியிருந்த கப்பல்களைப் பார்த்தால் அருங்காட்சியகம் போல இருந்திருக்கும். பழைய பீரங்கிப் படகுகள். கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல்கள். பிலிப்பைன்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சூயஸ் வழியாக வந்து சேர்ந்த ஐந்து கிழ நாசகாரிக் கப்பல்கள். அவற்றுள் சான்சி 1917 நவம்பர் 19 அன்று இரவில் விளக்கில்லாமல் ஓடுகையில் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 21 பேருடன் மூழ்கியது. நங்கூரம் அவர்கள் நினைவில் வைக்கச் சொன்ன செனெகாவும் அங்கே இருந்தது. அதன் தோழமைக் கப்பலான டாம்பா 1918 செப்டம்பர் 26 அன்று பிரிட்டன் அருகே டார்பிடோவால் தாக்கப்பட்டு, இருந்த 131 பேரில் ஒருவர்கூட மிஞ்சாமல் போனது.

சரக்குக் கப்பல்களின் தொடரணி அதிலுள்ள மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் போகும். 8 நாட், நல்ல நாளில் 10. 24 நாட் ஓடப் பிறந்த கப்பலுக்கு இது மாட்டுவண்டிக்குப் பின்னால் குதிரையைக் கட்டியது போல. ஆனால் மெது வேகத்தில் கரியைக் குடிக்காத எந்திரம் பர்மிங்காமிடம்தான் இருந்தது. சோதனையில் கடைசியாக வந்த எந்திரம் போரில் பொருத்தமான எந்திரமாகிவிட்டது என்பது ஒரு பொறியாளனாக என் கணிப்பு. செஸ்டரும் ஜிப்ரால்டரில் இதே பணியில் இருந்தது. 1918 செப்டம்பர் 5 அன்று அது ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டு, அதன் மேலாகவே ஓடி, நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிகளை வீசியது.

ஆகவே கேட்டவருக்கு விடை: எதிரிக் கப்பற்படையைத் தேடி அது ஒரு நாளும் போகவில்லை.

தொடுவானம் எழுதியது:

இனி முடிவுக்கு வருகிறேன். பர்மிங்காமைப் பழசாக்கியது அது வளர்த்த குஞ்சுகளே. 1914 இல் அதன் அணியிலிருந்த நாசகாரிக் கப்பல்கள் 29 அல்லது 30 நாட் ஓடின. தாய்க்கோழியைவிட ஐந்தாறு நாட் அதிகம், ஆனாலும் கொந்தளிக்கும் கடலில் அந்த வேகத்தைப் பிடிக்க அவற்றால் முடியாது என்பதால் இடைவெளி தாங்கக்கூடியதாக இருந்தது. போரின் கடைசியில் பெருந்தொகையாக வந்த புதிய நாசகாரிக் கப்பல்கள் எண்ணெயில் 35 நாட் ஓடின. 1919 ஜூலையில் பசிபிக் நாசகாரி அணிகளின் தலைமைக் கப்பலாகச் சான் டியேகோவுக்கு வந்த பர்மிங்காம், தன் பின்னால் வர வேண்டியவற்றைப் பிடிக்கவே முடியாத நிலையில் இருந்தது. எண்ணெயில் ஓடுபவற்றுக்கு நடுவில் அது ஒன்றுக்குக் கரி வேறு ஏற்ற வேண்டும். கரி ஏற்றும் நாளில் கப்பல் முழுவதும் கறுத்து, எல்லோரும் கூடைகளோடு நிற்க வேண்டும்.

இதற்குக் காரணம் கப்பல் மட்டும் அன்று. செஸ்டர் வகை மூன்றுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் குரூசருக்கே பணம் தராமல் ஆண்டுகளைக் கடத்தியது. அடுத்த வேவுக் குரூசரான ஒமாஹா 1923 பிப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. அதன் வேகம் 34 நாட்டுக்கும் மேல். பர்மிங்காம் அதே ஆண்டு டிசம்பரில் பிலடெல்பியாவில் விலக்கப்பட்டது. அதற்கு முன் 1922 முதல் பனாமாவின் பால்போவாவில், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சுற்றும் சிறப்பு அணிக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. மாற்றுக் கப்பல் வராததால்தான் இத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பது உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்.

அலைவாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விமானம் அதை ஓய்வுக்கு அனுப்பவில்லை என்பதை ஏற்கிறேன். விற்கப்பட்ட நாள் எது?

நங்கூரம் எழுதியது:

1930 மே 13. செஸ்டரும் அன்றே உடைப்புக்கு விற்கப்பட்டது. ஆனால் அப்போது அதன் பெயர் செஸ்டர் இல்லை. புதிதாகக் கட்டப்படும் கனரகக் குரூசர் ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்ததால் 1928 இல் பழைய கப்பலை யார்க் என்று மாற்றிவிட்டார்கள். புதிய செஸ்டர் 1930 ஜூன் 24 அன்று, அதாவது பழையவை விற்றுப்போன ஆறே வாரத்தில், சேவைக்கு வந்தது. கவண்பொறியில் ஏற்றி வீசிப் பறக்கவிடும் நான்கு வேவு விமானங்களோடு.